ஃபார்மட் அடிக்கும் முன் நகல் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போட்டோ ஸ்டுடியோ, டிடிபி மையம், ஆடிட்டர் அலுவலகம் என்று எங்கே ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ், புகுந்தாலும், சிஸ்டம் சர்வீஸ் கடைக்குப் போனதும் முதலில் காதில் விழுவது ‘ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். போட்டுடலாம்’ என்பதுதான். ஃபார்மட் அடித்தால் வைரஸ் போய்விடும், சரி. ஆனால் ஃபைல்களைத் திறக்க மிச்சமிருந்த வழியும் அதோடு போய்விடும். வைரஸை நீக்குவது ஒரு வேலை, அது பூட்டிவைத்த ஃபைலைத் திறப்பது முற்றிலும் வேறு வேலை. முன்னது சில மணி நேரத்தில் முடியும். பின்னது முடியுமா என்பது எந்த ரேன்சம்வேர், எந்தச் சாவி, என்ன வகை ஃபைல் என்ற மூன்றையும் பொறுத்தது. இரண்டையும் ஒரே வேலையாகப் போட்டுக் குழப்புவதால், மீட்கக்கூடிய கல்யாண வீடியோக்கள்கூட வீணாக அழிகின்றன. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

தனியாள் கணினிகளிலும் சிறு கடைகளிலும் பரவலாகத் தாக்குவது ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவியூ’ என்றும் சொல்லப்படும் குடும்பம். டிஜேவியூ என்ற வால் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் தலைகாட்டியது. அதன்பின் சில நாட்களுக்கொரு புது வால், பெரும்பாலும் நான்கு ஆங்கில எழுத்து, ஃபைல் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. வருகிற வழி பெரும்பாலும் ஒன்றே: கிராக் செய்த போட்டோஷாப், கோரல்டிரா, விண்டோஸையும் ஆஃபீஸையும் ‘ஆக்டிவேட்’ செய்யும் கருவிகள். அவற்றை நிறுவும்போது ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இயக்கவும்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அதை நம்பி ஆஃப் செய்தால், மீதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கும். அதில் நெடுங்காலம் 980 டாலர் கேட்டார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். ஒரு ஃபைலை இலவசமாகத் திறந்து காட்டுகிறோம் என்ற சலுகையும் உண்டு.

இந்தக் குடும்பத்தில் நம்பிக்கை வைக்கலாமா வேண்டாமா என்பதை ஒரே இடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். சி டிரைவில் சிஸ்டம்ஐடி என்றொரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். அதற்குள் பர்சனல்ஐடி என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அதே அடையாள எண் ரீட்மீ ஃபைலின் அடியிலும் இருக்கும். அந்த நீண்ட எண் ‘டி1’ (t1) என்று, அதாவது சிறிய ஆங்கில டீ எழுத்தும் எண் ஒன்றுமாக முடிந்தால், உங்கள் ஃபைல்கள் ‘ஆஃப்லைன்’ சாவியால் பூட்டப்பட்டவை. வேறு எப்படி முடிந்தாலும் ‘ஆன்லைன்’ சாவி.

வித்தியாசம் இதுதான். வைரஸ் இயங்கத் தொடங்கியதும் திருடர்களின் சர்வரைத் தொடர்புகொண்டு, அந்தக் கணினிக்கென்று தனியாக ஒரு சாவியைக் கேட்டு வாங்குகிறது. சர்வர் கிடைக்காவிட்டால் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு பொதுச் சாவியால் பூட்டுகிறது. அந்த வகையில் மாட்டிய எல்லாருக்கும் அதே சாவிதான். அவர்களில் யாராவது ஒருவர் பணம் கட்டி வாங்கிய சாவியைப் பகிர்ந்தால், மற்ற அனைவருக்கும் அது திறக்கும். இணைப்பு மோசமாக இருந்தவருக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லக்கூடிய வெகு சில இடங்களில் இது ஒன்று. ஆன்லைன் சாவியோ உங்கள் ஒருவருடையது மட்டும். அதைக் காப்பது ஆர்எஸ்ஏ-2048 என்ற பூட்டு முறை. 617 இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் காரணிப்படுத்தினால்தான் உடைக்க முடியும். அதை ‘எங்கள் லேபில் உடைத்துத் தருகிறோம்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பர்சனல்ஐடி ஃபைலில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வைரஸ் பலமுறை ஓடியிருந்தால், ஒரு முறை இணைப்புக் கிடைத்தும் மறுமுறை கிடைக்காமலும் போயிருக்கலாம். அப்போது சில ஃபைல்கள் ஆன்லைன் சாவியிலும் சில ஆஃப்லைன் சாவியிலும் பூட்டப்பட்டிருக்கும். ரீட்மீயில் உள்ள ஒரே எண்ணைப் பார்த்துவிட்டுக் கைகழுவியவர்களுக்குப் பாதி ஃபைல் கிடைத்திருக்க வாய்ப்புண்டு.

இனி வரிசை. ஃபைல் பெயர்கள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவதே சரி. முறையாக ஷட்டவுன் கொடுத்துக் காத்திருந்தால் அந்த நேரத்தில் இன்னும் சில நூறு ஃபைல் போகும். பூட்டுகிற வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றால் அவசரப்பட வேண்டாம். லேன் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, செருகியிருக்கும் பென்டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சில வகை ரேன்சம்வேர்களில் கணினியை அணைக்காமல் வைத்திருந்ததே காப்பாற்றியிருக்கிறது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரையில், கணினி ரீஸ்டார்ட் ஆகாமல் இருந்தால் சாவியை உருவாக்கிய பகா எண்கள் நினைவகத்தில் மிச்சமிருந்தன. அவற்றைத் தேடி எடுத்துச் சாவியைத் திரும்பக் கட்டும் வானாகிவி என்ற கருவியை பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடுத்த சில நாட்களிலேயே வெளியிட்டார்கள். ரீஸ்டார்ட் செய்தவர்களுக்கு அது பயன்படவில்லை.

டிஜேவியூவில் பலர் செய்யும் தவறு வேறு. பூட்டாமல் தப்பிய நாலைந்து ஃபைல்களைக் காப்பி எடுக்கலாம் என்று, அதே விண்டோஸில் புதுப் பென்டிரைவைச் செருகுவார்கள். வைரஸ் தன்னை, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ‘டைம் டிரிகர் டாஸ்க்’ என்ற பெயரில் பதிந்துவைத்திருக்கும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை அது எழும். செருகிய டிரைவும் பூட்டப்படும். ஏற்கெனவே பேக்கப் இருந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கை ‘இதில் இருக்கிறதா பார்ப்போம்’ என்று செருகி அதையும் பறிகொடுப்பது இப்படித்தான்.

ஆகவே அந்த விண்டோஸை மறுபடி பூட் செய்யாமலே நகல் எடுக்க வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு அல்லது மின்ட் லினக்ஸை ஏற்றி அதிலிருந்து பூட் செய்யலாம். அல்லது டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி-சாட்டா கன்வெர்ட்டர் கேபிள் மூலம் லினக்ஸ் ஓடும் வேறு கணினியில் மாட்டலாம். அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன காலி டிஸ்க்கில் டிடிரெஸ்க்யூ கட்டளையால் முழு டிஸ்க்கையும் பிரதி எடுக்க வேண்டும். ஃபோல்டர்களை மட்டும் இழுத்துப் போட்டால் அழிந்த ஃபைல்களின் தடயம் வராது, அதனால்தான் முழுப் பிரதி. 1 டிபி டிஸ்க் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஏறத்தாழ 3 மணி நேரம் எடுக்கும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் 8 மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் போய்விடலாம். இதில் நடக்கும் பெரிய விபத்து, எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றி அடித்துவிடுவது. காலி டிஸ்க்கின் வெறுமை மூல டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை. பெயரை நம்பாமல், கட்டளையை அடிப்பதற்கு முன் டிஸ்க்கின் மாடல் எண்ணையும் கொள்ளளவையும் சரிபார்க்க வேண்டும்.

மேலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இயங்கியிருந்தால் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் அனுமதிக்கும். அது நமக்கு நல்லதே, எழுத வைக்க வேண்டும் என்று வலுக்கட்டாயப்படுத்த வேண்டாம். புது லேப்டாப்புகளில், முழு டிரைவையும் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி தானாகவே இயங்கியிருக்கலாம். அப்படியானால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் ஒன்றும் தெரியாது. அதை வேறு போனிலிருந்து எடுத்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நகல் கைக்கு வந்த பிறகு மூல டிஸ்க்கைத் தாராளமாகச் சுத்தம் செய்யலாம். விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன், காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க், எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட், மால்வேர்பைட்ஸ், எதுவும் இந்த வைரஸைப் பிடிக்கும். ஸ்கேன் முடிந்தபின் கையால் பார்க்க வேண்டிய இடங்கள்: டாஸ்க் ஷெட்யூலரில் மேலே சொன்ன பெயர், ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில் ‘சிஸ்ஹெல்ப்பர்’ என்ற பதிவு, பயனர் கணக்கின் ஆப்டேட்டா லோக்கல் ஃபோல்டருக்குள் நீண்ட எண்-எழுத்துப் பெயரில் இருக்கும் ஃபோல்டர். நான்காவதாக, எந்தத் தளம் எந்த முகவரியில் என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைல். விண்டோஸ் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி ஃபோல்டரில் இருக்கும். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் திறக்காதபடி நூற்றுக்கணக்கான வரிகளை வைரஸ் அதில் சேர்த்திருக்கும். இதைச் சரிசெய்யாமல் மீட்புக் கருவியை ஓட்டினால் ‘ரிமோட் நேம் குட் நாட் பி ரிசால்வ்ட்’ என்ற பிழை வரும். கருவி வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நெட்டில் கோளாறு இல்லை, கருவியிலும் இல்லை. அந்த ஃபைலைப் பழையபடி ஆக்கினால் ஓடும்.

இதைவிட ஆபத்தான ஒன்றைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. டிஜேவியூவோடு சேர்ந்து, விடார், அசோரல்ட் போன்ற கடவுச்சொல் திருடும் நிரல்களும் இறங்குவது வழக்கம். பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டு, லாகின் குக்கீ எல்லாம் ஃபைல் பூட்டப்படும் முன்பே போயிருக்கும். வேறொரு சுத்தமான போனிலோ கணினியிலோ முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ கொடுத்து, பிறகு வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளை மாற்ற வேண்டும். ஃபார்மட் அடித்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களின் மின்னஞ்சல் அடுத்த மாதம் களவு போவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது திறக்கும் வேலை. டிஜேவியூவுக்கு உள்ள ஒரே நம்பகமான இலவசக் கருவி, எம்சிசாஃப்ட் நிறுவனம் ரேன்சம்வேர் ஆய்வாளர் மைக்கேல் கில்லெஸ்பியுடன் சேர்ந்து 2019 அக்டோபரில் வெளியிட்டது. அன்றிருந்த சுமார் 160 வகைகளில் 148-க்கு அது வழி செய்தது. 2019 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த புதிய வகைகளில், மேலே சொன்ன ஆஃப்லைன் சாவி கிடைத்தவற்றை மட்டும் திறக்கும். சாவிகள் அவர்களின் சர்வரில் இருப்பதால் ஓட்டும்போது இணைய இணைப்பு கட்டாயம். முழு டிரைவையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், நகலிலிருந்து இருபது முப்பது ஃபைலைத் தனி ஃபோல்டரில் போட்டு முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள். பூட்டிய ஃபைலை அழிக்காமல் வைத்திருக்கும் விருப்பத்தேர்வை அப்படியே விட்டுவிடுங்கள். டிஸ்க்கில் இடம் அடைக்கிறதே என்று அதை மாற்றுவது வேண்டாத துணிச்சல்.

கருவி தரும் பதில்களைச் சரியாகப் படிக்க வேண்டும். ஆன்லைன் ஐடி என்றும் ‘இம்பாசிபிள்’ என்றும் சொன்னால், இன்றைய நிலையில் அந்த வழி மூடியது. ஆஃப்லைன் ஐடி என்று சொல்லி, ‘எதிர்காலத்தில் திறக்கக்கூடும்’ என்று வந்தால், அந்த வகைக்கான சாவி இன்னும் யாரிடமிருந்தும் கிடைக்கவில்லை என்று பொருள். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். 2019 ஆகஸ்டுக்கு முந்தைய பழைய வகையில் பூட்டிய டிஸ்க்கை இன்னும் அலமாரியில் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. ஒரே ஃபைலின் பூட்டிய பிரதியும் பூட்டாத அசலும், 150 கேபிக்கு மேற்பட்ட அளவில், ஜோடியாகக் கொடுத்தால் கருவி அந்த வகை ஃபைல்களைத் திறக்கக் கற்றுக்கொள்ளும். ஜேபெக்குக்கு ஒரு ஜோடி, பிடிஎஃப்புக்கு ஒரு ஜோடி என்று ஒவ்வொரு வகைக்கும் வேண்டும். யாருக்கோ மின்னஞ்சலில் அனுப்பிய பழைய இணைப்புகளில் அசல் கிடைக்கும்.

ஃபைல் பெயரின் கடைசியில் இரண்டு வால்கள் தொங்கினால், வைரஸ் இருமுறை தாக்கியிருக்கிறது. கடைசியாக ஒட்டியதை முதலில் திறந்த பிறகே முந்தையதைத் திறக்க முடியும். வாலை மொத்தமாக ரீநேம் செய்து நீக்குவதால் ஃபைல் திறக்காது, கருவிக்கு அடையாளம் தெரியாமல் போவதுதான் மிச்சம்.

ஆன்லைன் சாவிதான் என்று உறுதியாகிவிட்டால்? பெரும்பாலான கடைகள் இங்கே ஃபார்மட்டுக்குப் போய்விடுகின்றன. நாங்கள் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் இடமும் இதுதான். டிஜேவியூ வேகத்துக்காக ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்கத்தின் 5 பைட்டுகளை விட்டுவிட்டு, அடுத்த 1,53,600 பைட்டுகளை, அதாவது 150 கேபியை மட்டுமே பூட்டுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது தொடப்படவே இல்லை. ஆகவே கேள்வி, அந்த முதல் 150 கேபி இல்லாமல் அந்த ஃபைல் பிழைக்குமா என்பதுதான்.

கேமராவில் எடுத்த எம்பி4 வீடியோ பிழைக்கும். ஃபிரேம்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணையைக் கேமராக்கள் பெரும்பாலும் ஃபைலின் கடைசியில் எழுதுகின்றன. 4 ஜிபி கல்யாண வீடியோவில் 150 கேபி என்பது ஒரு நொடிகூட இல்லை. மீடியா ரிப்பேர் என்ற இலவசக் கருவி, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த பழுதில்லாத வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, பூட்டிய வீடியோவை ஓடக்கூடியதாக ஆக்கிவிடும். எம்பி3, டபிள்யூஏவி ஆடியோவுக்கும் அதுவே போதும். மாதிரி வீடியோ வேறு ரெசல்யூஷனிலோ வேறு ஃபிரேம் வேகத்திலோ இருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது ஒலி ஒத்துவராது. இணையத்துக்காக மாற்றிய வீடியோக்களில் அட்டவணை முன்பக்கத்தில் இருக்கும், அது பூட்டில் போய்விடுவதால் அவை மீள்வது கடினம்.

ஜேபெக் படங்களில் அளவுதான் எல்லாம். 8 எம்பி படத்தில் 150 கேபி என்பது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஜேபெக்மெடிக் ஏஆர்டபிள்யூஈ போன்ற கருவிகள், அதே கேமராவின் நல்ல படத்திலிருந்து தலைப்பகுதியை எடுத்துப் பொருத்தி, மேல் விளிம்பில் ஒரு பட்டையைத் தவிர மற்றதை மீட்டுத் தரும். நிறம் பிசகியிருக்கும், அதைப் பிறகு சரிசெய்யலாம். வாட்ஸ்அப்பில் வந்த 100 கேபி படமோ முழுக்கப் பூட்டுக்குள் போய்விட்டது. அதை மீட்க முயல்வதைவிட அனுப்பியவரிடம் மறுபடி கேட்பதே வழி.

ஜிப் ஃபைல்கள் பலருக்கு வியப்பைத் தரும். ஜிப்பின் பட்டியல் கடைசியில் இருப்பதால், பிரதி ஒன்றின் வாலை நீக்கிவிட்டு 7-ஜிப்பில் திறந்தால் உள்ளே இருக்கும் முதல் சில ஃபைல்கள் மட்டும் பிழை காட்டும், மற்றவை சுத்தமாக வெளிவரும். 7-ஜிப் ‘முடிவுக்குப் பிறகும் தரவு இருக்கிறது’ என்று எச்சரிக்கும். அது வைரஸ் கடைசியில் ஒட்டிய அடையாளம், பொருட்படுத்த வேண்டாம். ரார் ஃபைல்களுக்கு வின்ரார் ரிப்பேர் ஓரளவு உதவும். புது வேர்டு ஃபைலும் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். ஆனால் அதில் உரை முன்பகுதியிலும் படங்கள் அதற்குப் பின்னும் இருப்பதால், படம் வரும், எழுத்து வராது. சிறிய வேர்டு, எக்செல் ஃபைல்கள் 150 கேபியை எட்டுவதே இல்லை, அவை முழுதும் போனவைதான். எஸ்க்யூஎல் போன்ற பெரிய டேட்டாபேஸ் ஃபைல்களில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். தலைப்பக்கங்கள் இல்லாததால் சாதாரண முறையில் திறக்காது, டேட்டாபேஸ் மீட்பில் பழகியவர் அட்டவணைகளை வெளியே எடுத்துவிட முடியும். இந்த ஒரு வேலைக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை.

அழிந்த ஃபைலை மீட்கும் ஃபோட்டோரெக், ரெக்குவா போன்றவை எப்போது பயன்படும் என்பதிலும் குழப்பம் உண்டு. ரேன்சம்வேர் ஒரு பிரதியைப் பூட்டிவிட்டு அசலை வெறுமனே டெலீட் செய்திருந்தால் மட்டுமே அவை உதவும். வான்னாக்ரை டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் போன்ற இடங்களில் அசலின் மேல் எழுதி அழித்தது. மற்ற ஃபோல்டர்களில் டெலீட் மட்டும் செய்தது, அங்கே இருந்தவை கிடைத்தன. டிஜேவியூ அதே ஃபைலின் மேலேயே எழுதுவதால் அவ்வளவாகக் கிடைக்காது. எஸ்எஸ்டி என்றால் டிரிம் வசதி அழிந்த இடத்தைத் தானே துடைத்துவிடும், நம்பிக்கை இன்னும் குறைவு. விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் பழைய பிரதியான ஷேடோ காப்பியைப் பார்க்க ஷேடோ எக்ஸ்புளோரர் போதும். பெரும்பாலான ரேன்சம்வேர்கள் அதை முதலிலேயே அழித்துவிடுகின்றன, ஆனாலும் பார்ப்பதற்கு ஐந்து நிமிடந்தான். கூகுள் டிரைவில் பழைய பதிப்புகள் 30 நாள் வரை இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாளில் ஏதோ ஒரு நாளுக்குத் திருப்பலாம். இதை வேறு கணினியின் பிரவுசரில் செய்ய வேண்டும், சிங்க் ஓடும் அதே கணினியில் அல்ல.

வேறு குடும்பம் என்றால் கணக்கு வேறு. டேலி ஓடும் கணினியை வீட்டிலிருந்து பார்க்க வசதியாக ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவைத்திருக்கும் அலுவலகங்களுக்குள், ஃபோபோஸ், தர்மா வகையறாக்கள் பாஸ்வேர்டை ஊகித்தே நுழைகின்றன. எது நுழைந்தது என்று தெரியாவிட்டால் ஐடி ரேன்சம்வேர் தளத்திலோ, டச்சு காவல்துறை, யூரோபோல் முதலானோர் 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்திலோ, பூட்டிய ஒரு ஃபைலையும் மிரட்டல் குறிப்பையும் ஏற்றினால் பெயர் சொல்லும், கருவி இருந்தால் அதையும் காட்டும். ஏற்றும் ஃபைல் வாடிக்கையாளரின் பான், ஆதார் விவரம் இல்லாததாக இருக்கட்டும்.

இன்று சாவி இல்லை என்பது என்றுமே இல்லை என்றாகாது. டெஸ்லாகிரிப்ட் கும்பல் 2016 மே மாதம் கடையை மூடியபோது, ஈசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் கேட்டதும் மூலச் சாவியைத் தானே வெளியிட்டது. ஷேட் கும்பல் 2020 ஏப்ரலில் ஏழரை லட்சம் சாவிகளைக் கொட்டிவிட்டுப் போனது. லாக்பிட் கும்பலின் சர்வர்கள் 2024 பிப்ரவரியில் பிடிபட்டபோது சாவிகளும் சிக்கின. ஃபோபோஸுக்கு 2025 ஜூலையில் ஜப்பான் காவல்துறை இலவசக் கருவி வெளியிட்டது. அதற்கு முன் அதில் மாட்டி, டிஸ்க்கை ஃபார்மட் அடித்தவர்களுக்கு அந்தக் கருவியால் என்ன பயன்?

அவசரத்தில் இணையத்தில் தேடுபவர்களுக்கு இன்னொரு குழி காத்திருக்கிறது. டிஜேவியூவைத் திறக்கும் கருவி என்ற பெயரில் 2020-இல் சோராப் என்றொரு ரேன்சம்வேரே சுற்றியது. ஏற்கெனவே பூட்டியதை அது மறுபடி பூட்டியது. யூடியூப் வீடியோவின் கீழே தரும் இணைப்பிலிருந்து எதையும் இறக்காதீர்கள்.

பணம் கட்டுவது பற்றி. கட்டியவர்களுக்கெல்லாம் சாவி வருவதில்லை, வந்தாலும் கருவி சரியாக இருப்பதில்லை. ரையூக் கும்பல் கொடுத்த கருவி பெரிய ஃபைல்களின் கடைசி பைட்டை வெட்டிவிடுகிறது என்று 2019 டிசம்பரில் எம்சிசாஃப்ட் எச்சரித்தது. ஆரக்கிள் டேட்டாபேஸ் போன்றவற்றில் அந்த ஒரு பைட்டே ஃபைலைக் கெடுத்துவிடும். எனவே கட்டி வாங்கியவர்களும் பூட்டிய பிரதியை அழிக்கக் கூடாது. தங்கள் சொந்தத் தொழில்நுட்பத்தால் மீட்பதாகச் சொல்லிக்கொண்ட அமெரிக்க நிறுவனங்கள் சில, ரகசியமாகத் திருடர்களுக்குப் பணம் கட்டிவிட்டு, அதற்கு மேல் வைத்து வாடிக்கையாளரிடம் வசூலித்ததை 2019-இல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. நம் ஊரிலும் ‘100 சதவீத மீட்பு உத்தரவாதம்’ என்று வரும் விளம்பரங்களைப் பார்த்தால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: என் ஐடி ஆன்லைனா ஆஃப்லைனா? பதில் சொல்லாமல் அட்வான்ஸ் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியும் இத்தகைய உத்தரவாதங்களை ஏற்காமல் இருந்தால் பலருக்கு நல்லது.

புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ பதியலாம். நிறுவனங்கள் தாக்குதலைக் கண்ட 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. புகாரால் ஃபைல் திறக்காது. ஆனால் ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவை ஏன் இல்லை என்று நாளைக்கு அதிகாரி கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். அந்தக் கணக்குகளில் பாதியை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த படிவங்கள், வங்கி ஸ்டேட்மென்ட், அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றிலிருந்தே திரும்பக் கட்டலாம். பூட்டிய டிஸ்க்கோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அதைச் செய்வது புத்திசாலித்தனம்.

பேக்கப் பற்றி எல்லாரும் சொல்வதால் நாங்கள் ஒரே ஒரு விஷயம் சொல்கிறோம். எப்போதும் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் பேக்கப் ஆகாது, அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டிபி தரவு பூட்டப்பட்டது. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் நோயாளிகளின் தரவு திரும்பக் கிடைத்தது. சிறு அலுவலகத்துக்கு இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் போதும். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று. காப்பி முடிந்ததும் கழற்றி, ஒன்றையாவது வீட்டில் வையுங்கள்.

சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்கு வாங்கும் ரசீதில் டிஸ்க்கின் சீரியல் எண், ஃபைல் வால், பர்சனல்ஐடியின் கடைசி நான்கு எழுத்து, நகல் எடுக்கப்பட்டதா இல்லையா என்று நான்கு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். நகல் வேண்டாம் என்று வாடிக்கையாளரே சொன்னால் அதன் கீழே அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டு பிறகு ஃபார்மட் அடியுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்போர் சிலர்,
ஈரோடு.